நாளைக்கு அக்காவின் ஃப்ரீசர்

தருமபுரி மாவட்டத்தில் எத்தனையோ ஃப்ரீசர்கள் உண்டு. ஆனால் திறந்ததும் இன்று என்ன கிழமை என்பதே மறந்துபோகிற ஃப்ரீசர் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் வாடகை வீட்டில் இருந்தது. அதை ஆண்டவர் நாளைக்கு அக்கா.

அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர். நர்ஸ் மஞ்சு, கணக்கு டீச்சரான நான், ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த அக்கா. அக்காவின் கணவரும் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் ஏரியூரில் இருந்தார்கள். துறைத் தேர்வில் பாஸானால் அந்தப் பக்கமே மாறுதல் கிடைக்கும். அக்கா இரண்டு முறை கோட்டை விட்டிருந்தார்.

“தினம் சமைச்சா படிக்க நேரம் ஏது கண்ணு? ஓட்டல்ல தின்னா சம்பளம் ஏது?” என்று சொல்லி, ஞாயிறு மதியமே ஊரிலிருந்து வந்து ஒரு வாரத்துக்கும் சமைத்து இறக்கிவிடுவார். கொள்ளுக் கடைசல், மொச்சைக் குழம்பு, தக்காளித் தொக்கு என்று எல்லாம் ஆறியதும் பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களுக்குள் போகும். மூடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் எழுதுவார். பண்டத்தின் பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது. ‘இன்னிக்கி’, ‘நாளைக்கி’, ‘நாளான்னிக்கி’ என்று மட்டும் இருக்கும்.

முதல் திங்கட்கிழமை ‘நாளைக்கி’யைத் தெரியாமல் எடுத்துவிட்டேன்.

“பரவால்ல கண்ணு, அது நேத்து எழுதுன நாளைக்கி. அப்படின்னா இன்னிக்கி.”

“அப்ப ‘இன்னிக்கி’ன்னு எழுதியிருக்கறது?”

“அது நேத்து. ஆனா நேத்து நாம திங்கல இல்ல? அதனால அது நாளைக்கி.”

பத்தாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா நடத்துகிறவள் நான். எனக்கே தலை சுற்றியது.

“தேதி போட்டா என்னங்க்கா?” என்றாள் மஞ்சு.

“தேதி போட்டா பழசாத் தெரியும். நாளைக்கின்னு போட்டா எப்பவும் புதுசுதான?”

ஒருமுறை மஞ்சு மருதாணி அரைத்து அதே மாதிரி டப்பாவில் வைத்தாள். மறுநாள் எடுத்து, கரைந்ததும் இரு கைகளிலும் அப்பிக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தாள். கழுவினால் கை சிவக்கவில்லை, பூண்டு மணந்தது. மதியம் களிக்குத் தொட்டுக்கொண்ட கீரை ஏன் அப்படிக் கசந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் விரல்கள் மட்டும் ஒரு வாரம் நன்றாகச் சிவந்திருந்தன.

இத்தனைக்கும் நடுவில் தினமும் சாயங்காலம் மகளிடமிருந்து போன் வரும். “எப்பம்மா வூட்டுக்கு வருவ?” என்று கேட்பது எங்களுக்கும் கேட்கும். “நாளைக்கி வந்துடறேன் சாமி” என்பார் அக்கா. திங்கட்கிழமையும் அதே பதில்தான். போனை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். அந்த நேரத்தில் நாங்கள் டப்பாவைப் பற்றிப் பேச மாட்டோம்.

மூன்றாவது முறை தேர்வு வந்தது. காலையில் அக்கா சாவகாசமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். புத்தக அட்டையில் பிளாஸ்திரி ஒட்டி ‘பரிட்சை நாளைக்கி’ என்று எழுதியிருந்தது.

“இது எப்ப எழுதுனதுங்க்கா?” என்று அலறினாள் மஞ்சு.

“நேத்துதான்...” என்றவர் கத்தியைக் கீழே போட்டார்.

ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம். கேட்டை மூடும் நேரத்தில் உள்ளே ஓடினார். பாஸும் ஆனார்.

மாறுதல் உத்தரவு கையில் கிடைத்த சாயங்காலம் வழக்கம்போல் போன் வந்தது. “இன்னிக்கி சாமி, இன்னிக்கே வரேன்” என்று சொல்லிவிட்டு அக்கா அழுதார். அந்தச் சொல்லைச் சரியான நாளில் அவர் சொல்லி நாங்கள் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அவர் போன பிறகு ஃப்ரீசரின் மூலையில் ஒரு டப்பா அகப்பட்டது. மூடியில் ‘நாளைக்கி’. போன் போட்டுக் கேட்டோம்.

“என்ன வெச்சேன்னு ஞாபகமில்ல கண்ணு. என்னன்னு போட்டிருக்கு?”

“நாளைக்கின்னு.”

“அப்ப இன்னும் நாள் இருக்கு, வுடு.”

விட்டுவிட்டோம். மஞ்சு வாரம் ஒருமுறை ஃப்ரீசரைத் துடைக்கும்போது அதை எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறாள். அக்கா இல்லாத வீட்டில் அவர் சமைத்தது ஏதாவது ஒன்று இருக்கட்டுமே என்று நானும் ஒன்றும் சொல்வதில்லை.