குரலடிகளின் கறுப்புப் பெட்டி

செத்தவர்கள் பாடுவதைக் கேட்க வேண்டுமானால் மாடிப்படி ஏற வேண்டும். செருப்புக்கடைக்கு மேலே இருந்த கூடத்தில்தான் குரலடிகள் அருள்பாலித்துக்கொண்டிருந்தார். விடிந்ததும் வரிசை படியிறங்கித் தெருவுக்கு வந்து, முக்குத் திரும்பி நிற்கும். கைப்பேசியிலும் பென்டிரைவிலும் அவரவர் வீட்டுச் செத்தவரின் குரல். கீழே கடைக்காரருக்கும் யோகம். நின்று நின்று செருப்புத் தேய்ந்தவர்கள் அங்கேயே புதுசு வாங்கிக்கொண்டார்கள்.

வித்தை இதுதான், கண்ணுகளா. பாட்டைக் கறுப்புப் பெட்டியில் போடுவார். அதன்மேல் உள்ளங்கையை வைப்பார். பாடியவர் குரல் மட்டும் மறைந்துவிடும். வாத்தியங்கள் அவை பாட்டுக்கு வாசிக்கும். "ஆன்மா கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சு" என்பார். காணிக்கை வந்ததும் கையை எடுப்பார். ஆன்மா ஓடிவந்து பாடும். காணிக்கைக்குச் சமாதானமாகாத ஆன்மா ஒன்றுகூட இதுவரை அங்கே வந்ததில்லை.

தையல்காரம்மாவின் கணவர் மேடைப் பாடகர். போன வருஷம் மாரடைப்பில் போனார். அன்றிலிருந்து அம்மா ஒவ்வொரு வளையலாகக் காணிக்கை வைத்து அவர் குரலைக் கேட்க மாடியேறிக்கொண்டிருந்தாள். மகள் ஒலிப்பதிவுக் கூடத்தில் குரலையும் வாத்தியத்தையும் கலந்து பாட்டாக்குகிறவள். அப்பாவின் கடைசிப் பாட்டைக் கலந்ததும் அவள்தான். அங்கே வாசிக்க வருகிற தபேலாக்காரனுக்கும் அவளுக்கும் கல்யாணம் பேசியாயிற்று. அம்மாவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அடிகளுக்குத்தான் பிடிக்கவில்லை. கல்யாணம் முடிந்து அம்மா நிம்மதியாகிவிட்டால் வளையலோடு படியேறுவது யார்? "இந்தச் சம்பந்தத்த நிறுத்து தாயே, உன் வீட்டுக்காரர் நிலையாத் தங்குவார்" என்றார். நாளைக்கே மாப்பிள்ளை வீட்டில் வேண்டாமென்று சொல்லிவிடுவதாக அம்மா முடிவு கட்டியிருந்தாள்.

"அது வெறும் பொத்தான்மா," என்றாள் மகள். "அப்பா குரல நடுவுல வச்சுக் கலந்தேன். அதனால ரெண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே மாதிரி போகுது. அந்தப் பெட்டி ஒரு பக்கத்தத் தலைகீழாத் திருப்பி இன்னொரு பக்கத்தோட சேத்துடும். ஒரு கதவ நீ உள்ள தள்ற, நான் அதே பலத்தோட வெளிய தள்றேன். கதவு அசையுமா?"

"எப்படி அசையும்?"

"அதான் அப்பா குரல். புல்லாங்குழல் இடப்பக்கம் மட்டும், தபேலா வலப்பக்கம் மட்டும். அதுங்கள எதிர்த்துத் தள்ள ஆளில்ல, கேக்குது."

"அப்ப தூரத்துல மெல்லிசா ஒரு குரல் கேக்குதே? அவர் வாசல்ல நிக்கறார்னு அடிகள் சொன்னாரே."

"அது எதிரொலி. ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி பரப்பி விட்டதே நான்தான்."

"பெத்த அப்பன எதிரொலிங்கற. உங்கிட்ட பேசறேன் பாரு." அம்மா பையை எடுத்தாள்.

மகள் மூச்சை விட்டாள். "சரி, நானும் வரேன். பாட்ட நான் கொண்டாரேன்."

கூடத்தில் பென்டிரைவை நீட்டியபோது அடிகள் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பழகின கை. உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்தபடியே ஓடவிட்டார். புல்லாங்குழல் வந்தது, தபேலா வந்தது. குரலைக் காணோம்.

அம்மா நெற்றியைச் சுருக்கினாள். "மெட்டு வேற மாதிரி இருக்கே சாமி."

"கோவத்துல மெட்டே மாறிப்போச்சு தாயே. உத்துக் கேளு. வாசல்ல நின்னு முணுமுணுக்கறார். கல்யாணம் வேண்டாங்கறார்."

"இது எங்கப்பாதானா சாமி?" என்றாள் மகள்.

"சத்தியமா உங்கப்பாதான்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த வளையலைக் கழற்றித் தட்டில் வைத்தாள். அடிகள் கையை எடுத்தார். கூடம் அதிர்ந்தது.

"மறைந்தவர் குரல் கேட்க வேண்டுமா? வாருங்கள், செருப்புக்கடை மாடிக்கு. கட்டணம் கிடையாது, காணிக்கை மட்டுமே."

சாட்சாத் அடிகளின் குரல். ஆட்டோவில் தெருத்தெருவாக ஓடிய அவருடைய விளம்பரம். அதைப் பதிவு செய்தது மகள் வேலை பார்க்கிற கூடத்தில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவளை அவர் அன்றைக்கும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடிகள் பதறிப்போய்ப் பெட்டிமேல் கையை வைத்தார். குரல் நின்றது.

"கைய எடுங்க சாமி," என்றது பின்வரிசை. "உங்க ஆன்மா போயிடப் போகுது."

அம்மா தட்டிலிருந்து வளையலை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவசரமே இல்லை. "என் வீட்டுக்காரர் போய் ஒரு வருஷமாச்சு சாமி. நீங்க எப்ப போனீங்க?"

மகள் இப்போது அப்பாவின் பாட்டைப் போட்டாள். அம்மா தன் கையைப் பெட்டிமேல் வைத்துத் தடவினாள். ஒரு பொத்தான் தட்டுப்பட்டது. அழுத்தினாள், கணவர் போனார். விட்டாள், வந்தார். மறுபடி அழுத்தினாள். மறுபடி விட்டாள். பாட்டு முடியும்வரை அதன்பின் தொடவேயில்லை.

"நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போறோம்," என்றாள். "தேதி குறிக்க."

இறங்கும்போது வரிசை இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. விஷயம் கேள்விப்பட்ட ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம் சொன்னார்: "இவர் போலியாம். அடுத்த தெருவுல நிஜமான ஒருத்தர் இருக்காராம், வா."

கண்ணுகளா, காதுகள் இரண்டு; எவன் எதைச் சொன்னாலும் வாங்கிக்கொள்ளும். அவற்றுக்கு நடுவில் ஒன்று இருக்கிறதே, அதை அமுக்கத்தான் இத்தனை பேர் கையை நீட்டுகிறார்கள். அங்கே மட்டும் எவன் கையையும் வைக்க விடாதீர்கள்.