பரிசத் தட்டும் பல லட்சம் மெஷினும்

கண்டி,
ஆவணி மாதம், 2008.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி கணபதி அவர்களுக்கு,

கண்டியிலிருந்து ராஜலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நலம். பன்விலையில் தாங்களும் வீட்டாரும் கடையும் நலமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். ‘சம்பந்தி’ என்று போட்டது கைதவறி அல்ல, நம்பிக்கையில். தங்களுக்கு விருப்பமில்லை என்றால் அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டிவிட்டு மீதியை வாசிக்கவும்.

போன புதன்கிழமை நாங்கள் பரிசம் போட வந்தபோது, தட்டுகளை மூடிய துணி அவிழ்ந்திருந்ததும், நல்ல நேரம் தாண்டி ராகுகாலத்தில் தங்கள் வாசலில் வந்து நின்றதும் உண்மை. “மாப்பிள்ளை வீட்டுத் தட்டைப் பொண்ணு வீட்டுலதான் திறக்கணும். ரோட்டுல திறந்த தட்டு நமக்கு வேணாம்” என்று தங்கள் அக்கா இரத்தினம்மா எங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியதில்கூட எனக்குக் கோபமில்லை. ஆனால், “அந்த மெஷினே அபசகுனம்னு காட்டிருச்சே” என்றார்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

வழியில் சோதனைச் சாவடியில் வேனை நிறுத்தி, குண்டு தேடும் மெஷினை நீட்டினார்கள். மெஷின் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். துப்பாக்கிக்கு இருப்பது மாதிரி ஒரு பிடி, அதன் முனையில் ரேடியோ ஏரியல் போல ஒரு கம்பி, அவ்வளவுதான். குண்டு இருக்கும் பக்கம் கம்பி தானாகத் திரும்புமாம். வெளிநாட்டுச் சாமான், பல லட்சம் விலை என்று சார்ஜன்ட் பெருமையாகச் சொன்னார். கம்பி முதலில் தேங்காய்த் தட்டுக்குத் திரும்பியது; ஒவ்வொரு தேங்காயையும் ஆட்டிப் பார்த்தார்கள். பிறகு மஞ்சள் தட்டு, அப்புறம் பரிசச் சேலை. “ஐயோ, அதைத் தொடாதீங்க!” என்று என் மனைவி ஞானேஸ்வரி தட்டின் மேலேயே கவிழ்ந்துவிட்டாள். எதையோ மறைக்கிறாள் என்று சந்தேகம் கூடி, எல்லாத் துணியையும் அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள். அடுத்து கம்பி என் மச்சான் பெரியதம்பியின் வயிற்றைக் காட்டியது. காலையில் பொங்கலை அள்ளிச் சாப்பிட்டதைத் தவிர வேறு குற்றம் செய்யாத மனுஷன். அப்புறம் ரோட்டோரம் மேய்ந்த மாட்டைக் காட்டியது. கடைசியில் அந்தச் சார்ஜன்ட்டையே காட்டியது. அவரை மட்டும் யாரும் சோதிக்கவில்லை. அதற்குள் ராகுகாலம் பிறந்துவிட்டது.

எங்களிடம் ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை எழுதி வாங்கி அக்காவிடம் காட்டலாம் என்று நேற்று மறுபடி அங்கே போனேன். சார்ஜன்ட் இல்லை. அன்று மெஷின் பிடித்த சிப்பாய் திலகசிறி மட்டும் நின்றான். நகரசபை வேலையில் பழகிய சிங்களம் எனக்குக் கைகொடுத்தது. அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அந்தப் பிடியைத் திறந்து காட்டினான். உள்ளே பேட்டரி இல்லை, வயர் இல்லை. வெறும் பிளாஸ்டிக் கூடு, சம்பந்தி!

“கை நோகும்போது கம்பி சாயும் மாத்தயா, அவ்வளவுதான்” என்றான்.

“தெரிஞ்சுமா தம்பி புடிச்சிக்கிட்டு நிக்கிற?”

“இதைக் கீழ வச்சா என் கையில வேற என்ன இருக்கு? நல்ல மெஷின் தந்திருக்காங்க, பயப்படாதீங்கன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். அதை நம்பித்தான் அவங்க தூங்குறாங்க.”

நகரசபையில் ஒரு தண்ணீர்க் குழாய் வாங்கினாலும் தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவோம். உயிர் காக்க என்று இதை வாங்கியவர்கள் ஒருதரம் திறந்து பார்த்திருக்கக் கூடாதா? நாம் இழந்தது ஒரு நல்ல நேரம். அது அடுத்த வாரமும் வரும். நிஜமாகவே குண்டு வைத்த வண்டி வரும் நாளில் இந்தக் கம்பி மாட்டைக் காட்டிக்கொண்டு நின்றால்? முதலில் போவது அந்தப் பையன். பின்னால் பஸ்ஸில் வரும் நீங்களும் நானும் அடுத்தது.

ஆகவே, ஒரு பிளாஸ்டிக் கூட்டின் பேச்சைக் கேட்டு இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கையை முறிக்க வேண்டாம். என் மகன் சசிதரன் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழும்பிவிடுகிறான். தங்கள் மகளும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்வி. மறுபடி தட்டெடுத்து வர உத்தரவு தாருங்கள்.

மகளுக்கு எங்கள் மனமார்ந்த ஆசி. அக்காவுக்கு என் விசேஷமான, கொஞ்சம் பயந்த வணக்கம்.

இப்படிக்கு,
சம்பந்தியாகக் காத்திருக்கும்
ராஜலிங்கம்

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்குள், தட்டுகளை அந்த மெஷினிடமே மறுபடி காட்ட வேண்டும் என்று ஞானேஸ்வரி ஒற்றைக்காலில் நின்றாள். அதனால் புதுத் துணி கட்டிய தட்டுகளோடு இன்று காலை சாவடிக்கே போய்வந்தோம். அதே திலகசிறிதான். ஒவ்வொரு தட்டாக நீட்டினோம். கம்பி மயிரிழைகூட அசையவில்லை! மெஷினே நல்ல சகுனம் காட்டிவிட்டது என்று அக்காவிடம் தவறாமல் சொல்லவும். அந்தப் பையன் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான் என்பதை மட்டும் சொல்ல வேண்டாம்.