மருமக்கள் புலம்பலும் கொப்பிறைட்டரும்

இலங்கையிலேயே அனுமதி பெற்று அழவேண்டிய ஊர் ஒன்று இருக்கிறதென்றால் அது எங்கள் அக்கராயன்தான். காரணம், கொப்பிறைட்டர். பதிப்புரிமையைச் சொல்லும் ‘கொப்பிறைட்’டுக்குப் பின்னால் மரியாதைக்காக ஒரு ‘ர்’ சேர்த்து ஊர் வைத்த பெயர் அது.

காணிக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு என்று ஒரு சின்னப் புத்தகம் அச்சிட்டுக் கொடுப்போம். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று அதில் வரும் பாட்டுகளைச் சும்மா எழுதிக் கொடுப்பார். ஆனால் அடியில் அவர் பெயரும் ‘உரிமை ஆசிரியருக்கே’ என்ற வரியும் இருந்தேயாகவேண்டும்.

யாராவது அந்தப் பாட்டைப் பெயர் மாற்றிப் போட்டால் தொலைந்தார்கள். அந்தியேட்டிப் பந்தலுக்குச் சைக்கிளில் வந்து இறங்குவார். சாப்பிடமாட்டார். சிவப்புப் பேனையோடு கல்வெட்டை வாசிப்பார். கண்டாவளையில் ஒரு வீட்டில், ‘ஐயோ’வுக்கும் உரிமை கேட்பார் என்று பயந்து பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்களாம். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

இந்த மனிதரிடம் களவெடுக்கும் துணிவு எனக்குச் சோம்பலால் வந்தது. என் தாய்மாமா கல்யாணமே செய்யாமல் காலமானார். “நீதானே பேப்பரில எழுதுறனீ, பாட்டையும் நீயே எழுது” என்றார் அம்மா. வாராவாரம் உலகத்துக்குப் புத்தி சொல்லும் எனக்கு நாலு வரி அழ வரவில்லை. ஓமந்தையில் யாரோ ஒருவருக்குப் போட்ட பழைய கல்வெட்டில் ‘மருமக்கள் புலம்பல்’ கண்ணில் பட்டது. நானும் மாமாவுக்கு மருமகன்தானே? பாட்டில் பெயர்களை மட்டும் மாற்றி, அடியிலிருந்த கொப்பிறைட்டரின் பெயரை வெட்டிவிட்டு அச்சகத்தில் கொடுத்தேன். அந்த மருமக்கள் சகோதரியின் பிள்ளைகள் அல்ல, மகள்மாரைக் கட்டியவர்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

பந்தலில் முதலில் வாசித்தவள் என் மனைவி.

“‘பொத்தி வளர்த்த மகளைப் பொருத்தம் பார்த்துத் தந்த மாமா.’ கீழ உங்கட பேர்தான் கிடக்கு. ஆரப்பா அந்த மகள்?”

“மாமாவுக்கு எங்கையப்பா மகள்?”

“அதைத்தான் நானும் கேக்கிறன்.”

மாமிமாரின் தலைகள் ஒன்றாகத் திரும்பின. அந்த நேரம் பார்த்துச் சைக்கிள் மணி கேட்டது. வந்தார், வாசித்தார், கோடு போட்டார்.

“தம்பி, களவெடுக்கிறதெண்டால் வாசிச்சுப்போட்டு எடுக்கவேணும்.”

நான் விடவில்லை. “எல்லாரும் சாகினம், எல்லாரும் அழுகினம். அழுகை பொதுச் சொத்துத்தானே ஐயா?”

“குளத்துத் தண்ணியும் பொதுத்தான். அதில விளைஞ்ச என்ர நெல்லை நீர் வெட்டலாமோ?”

தான் எழுதியதையெல்லாம் சேர்த்துக் கொண்டுதிரியும் பையிலிருந்து அவர் ஓமந்தைக் கல்வெட்டை எடுத்து என் மனைவியிடம் நீட்டினார்.

“பிள்ளை, இது அங்க மூண்டு மகள்மாரைக் கட்டின பெடியளுக்கு நான் எழுதினது. பாருங்கோ, அடியில என்ர பேர். இவருக்கு வேற ஒருத்தரும் பொம்பிளை குடுக்கேல்லை. உங்கட வீட்டார் மட்டுந்தான் ஏமாந்தவை.”

அவள் சிரித்துவிட்டாள். பதிப்புரிமையால் ஒரு குடும்பம் தப்பியது உலகத்தில் இதுதான் முதல் தடவையாக இருக்கும். அன்று பின்னேரம் முழுக்க, மிஞ்சிய பிரதிகளிலெல்லாம் அவர் பெயரைக் கையால் எழுதினேன். பக்கத்தில் கதிரை போட்டு இருந்து என் எழுத்துப் பிழைகளைத் திருத்தினார்.

போன வருடம் அம்மா இறந்தார். நான் பேனையைத் தொடவேயில்லை. அழவும் இல்லை. ஒரு வாரம் கழித்துக் கொப்பிறைட்டர் தானாகவே வந்து மடித்த தாள் ஒன்றைத் தந்தார். அம்மா கோழிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுகூடப் பாட்டில் இருந்தது. அடியில் வழக்கமான வரியைத் தேடினேன். ‘உரிமை மகனுக்கே’ என்று இருந்தது.

“ஐயா, இதில பிழை விட்டிட்டியள்.”

“இல்லைத் தம்பி. அவா உம்மட அம்மா. நான் என்னெண்டு உரிமை கேக்கிறது?”

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, அனுமதி கேட்காமலே அழுதேன்.