ஓடாத சைக்கிளுக்கு ஹெல்மெட்

செந்துறை,
புதன்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை கலைச்செல்வன் அவர்களுக்கு, மாமனார் வைரக்கண்ணு எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் அத்தை சாந்தாவும் நலம். ஓசூரில் நீங்களும் என் மகள் பூவிழியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் தலையும் நலம்தான். வெளியே தெரிவதில்லை, அவ்வளவே. இது போனில் சொல்லக்கூடிய விஷயம். ஆனால் நான் போனை எடுத்தாலே உங்கள் அத்தை கரண்டியோடு வந்து பக்கத்தில் நின்றுவிடுகிறாள். அதனால் மொட்டை மாடியில், ஈரப் புடவைக்குப் பின்னால் உட்கார்ந்து கடிதமாக எழுதுகிறேன்.

பெரம்பலூர் டாக்டர் என் சர்க்கரைக்காகத் தினமும் சைக்கிள் மிதிக்கச் சொன்னதும், சிமெண்ட் லாரிகள் போகும் ரோட்டில் அப்பா ஓட்டக்கூடாது என்று பூவிழி பயந்ததும், உடனே நீங்கள் பின்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் அந்த இரும்பு ஸ்டாண்டை வாங்கி அனுப்பியதும் உங்கள் பெரிய மனது. என் பழைய சைக்கிளை அதில் மாட்டிவிட்டால் ஒரு வருடம் மிதித்தாலும் ஹாலை விட்டு நகராது. ஆனால் அதே பெட்டியில் ஒரு ஹெல்மெட்டையும் வைத்துவிட்டீர்களே மாப்பிள்ளை! என்றைக்காவது வெளியே ஓட்டினால் உதவட்டும் என்றுதான் வைத்திருப்பீர்கள். உங்கள் அத்தை அப்படி நினைக்கவில்லை. "மாப்ள காரணமில்லாமயா அனுப்பிச்சிருப்பாரு? போடுங்க" என்றாள். "இது நின்ன எடத்துலயே நிக்கிற சைக்கிளு சாந்தா, எங்கேருந்து விழுறது?" என்றேன். "எங்க சித்தப்பா நின்ன எடத்துலதான் வுழுந்தாரு" என்றாள். அவர் நின்ற இடம் பனைமரத்து உச்சி என்பதை அவள் சொல்லவில்லை. முப்பது வருடம் இதே சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கரண்டு மீட்டர் பார்த்தவன் நான். அப்போதெல்லாம் எனக்கு ஒரு தலை இருப்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

முதல் நாளே எதிர்வீட்டு அரியமுத்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். "என்னண்ணே, வெளியூரா?" என்றார். "இல்லப்பா, எக்சர்சைஸு. எட்டு கிலோமீட்டர் ஓட்டிட்டேன்" என்றேன். "எங்கேருந்து எங்க?" என்றார். "இங்கேருந்து இங்கதான்" என்றேன். அவர் என் தலையையே பார்த்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து அவர் வீட்டுக்குள் போய்விட்டார். மறுநாள் டீக்கடையில் வைரக்கண்ணுக்குத் தலையில் ஏதோ கோளாறு என்றார்கள். அதற்கு அடுத்த நாள் மண்டையில் ஆபரேஷன் என்றார்கள். வெள்ளிக்கிழமை அந்தச் செய்தி பூலாம்பாடிக்கே போய்விட்டது. அங்கிருந்து உங்கள் அத்தையின் அண்ணன் ராஜராஜனும் அவர் சம்சாரம் பாப்பாத்தியும் ஒரு பை சாத்துக்குடியோடு வந்து இறங்கினார்கள்.

நான் அப்போது வேர்க்க விறுவிறுக்க மிதித்துக்கொண்டிருந்தேன். அந்த ஸ்டாண்டு போடுகிற சத்தம் மாவு மில் சத்தம் மாதிரி இருக்கும். பாப்பாத்தி கண்ணீரோடு என் முகத்துக்கு நேராகக் குனிந்து, "அண்ணே, நான் யாருன்னு தெரியுதா?" என்றிருக்கிறது. நான், "ஒண்ணும் தெரியலம்மா, சத்தமா சொல்லு" என்றேன். காதில் விழவில்லை என்ற அர்த்தத்தில் சொன்னேன். அவ்வளவுதான், அழுகை. பதறி இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றப் பார்த்தால் தாடைக்குக் கீழே இருக்கும் கொக்கி கழலவில்லை. ராஜராஜன் இழுத்தார், சாந்தா எண்ணெய் விட்டாள், அரியமுத்து கத்திரிக்கோலோடு ஓடி வந்தார். "மாப்ள வாங்கிக் கொடுத்தது, வெட்டாதீங்க!" என்று உங்கள் அத்தை குறுக்கே நின்றாள். கடைசியில் ஹெல்மெட்டோடு என்னை அரியலூர் பஸ்ஸில் ஏற்றினார்கள். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் சார், எங்க டிரைவர் மேல அவ்ளோ நம்பிக்கையா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. அரியலூர் வரைக்கும் கண்ணாடியில் என்னை முறைத்துக்கொண்டே ஓட்டினார். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா இரண்டு விரலால் கொக்கியை அழுத்தியது, கழன்றுவிட்டது. ஹெல்மெட்டைக் கையில் கொடுத்து, "இதுக்காகவா அஞ்சு பேரு வந்தீங்க?" என்று கேட்டது. சாத்துக்குடியை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டு வந்தோம்.

அன்றைக்கு வீடு திரும்பியதும், இனிமேல் இதைத் தொடமாட்டேன் என்று கத்திவிட்டேன். சாந்தா திருப்பிக் கத்தவில்லை. அதுதான் சங்கடமாகப் போய்விட்டது. "உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் யாருகிட்ட சண்டை போடுறது?" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் நானே எடுத்து மாட்டிக்கொண்டேன். இன்றோடு நாற்பது நாளாகிறது. அடுத்த வாரம் எறையூரில் ஒரு கல்யாணம். அங்கே சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து என் மண்டையைத் தடவிப் பார்ப்பார்கள். சாந்தா நீங்கள் சொன்னால் மட்டுமே கேட்பாள். ஆகவே தயவுசெய்து உங்கள் அத்தைக்குப் போன் செய்து, வீட்டுக்குள் ஓட்டும் சைக்கிளுக்கு ஹெல்மெட் தேவையில்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லவும். நான் எழுதினேன் என்று சொல்ல வேண்டாம்.

நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று, மடியில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு பல்லாண்டு வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமனார்,
வைரக்கண்ணு

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். இதைத் தபாலில் போடுவதற்காகச் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து கழற்றி வாசலுக்குக் கொண்டுவந்தேன். பழக்கத்தில் ஹெல்மெட்டும் தலையில் இருந்தது. சாந்தா ஓடி வந்து, "அய்யய்யோ, அதைக் கழட்டுங்க! ரோட்டுல போறவங்க பாத்தா என்ன நெனப்பாங்க?" என்று பிடுங்கிக்கொண்டாள். சரியென்று ஏறி மிதித்தேன். பத்தடி போவதற்குள் தலையில் காற்று பட்டது. சட்டையில்லாமல் சந்தைக்கு வந்தவன் மாதிரி உடம்பெல்லாம் கூசியது. உடனே இறங்கிவிட்டேன். மிச்ச தூரம் தள்ளிக்கொண்டு வந்து, தபால் ஆபீஸ் மேஜையில் இதை எழுதுகிறேன். ஆகவே மாப்பிள்ளை, அத்தைக்குப் போன் செய்து, ரோட்டிலும் ஹெல்மெட் கட்டாயம் என்று கண்டிப்பாகச் சொல்லவும். கடிதம் உங்களுக்கு வந்து சேர மூன்று நாளாகுமாம். அதுவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரிகிறேன்.