நான்கு மணி நேரம் குறைந்த தாய்

நீங்கள்தான் செய்தீர்கள். மறுக்க வேண்டாம். உங்கள் பெயர் தெரியாது, முகம் தெரியாது. ஆனால் நெப்ராஸ்காவில் எங்கள் பள்ளி மாவட்டத்தின் ஊழியர் கையேட்டில் விடுப்பு அத்தியாயத்தை உட்கார்ந்து எழுதியது நீங்கள்தான். எழுதும்போது நாற்காலியில் மெத்தை இருந்திருக்கும், கையில் காப்பி இருந்திருக்கும். டெல்பா ஆஸ்பர்ன் என்று ஒருத்தி இருப்பாள் என்ற நினைப்பு மட்டும் இருந்திருக்காது.

டெல்பா பத்தொன்பது வருடமாகப் பள்ளிச் சமையலறையில் வேலை பார்ப்பவள். உருளைக்கிழங்கு லாரிக்காரன் அவளைக் கண்டாலே விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டுத்தான் குட்மார்னிங் சொல்வான். ஒரு திங்கட்கிழமை காலை அவள் மகன் ட்ராய் போன் செய்தான். நேஷனல் கார்டு படையில் இருக்கிறவன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு பஸ், பிறகு ஒரு வருடம் கடல் தாண்டி வேலை என்றான்.

டெல்பாவுக்கு வேண்டியது மூன்று நாள். புதன் சமைத்துப் போட, வியாழன் சண்டை போட, வெள்ளி வழியனுப்ப.

படைவீரர் குடும்பத்துக்கு விடுப்பு உண்டென்று கையேடு தாராளமாகச் சொல்கிறது. அடுத்த வரியிலேயே அந்தத் தாராளத்துக்கு மூச்சு வாங்கிவிடுகிறது. கேட்பவர் கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஆயிரத்து இருநூற்றைம்பது மணி நேரம் உழைத்திருக்க வேண்டுமாம்.

விடுப்பு ஒருங்கிணைப்பாளர் மெர்வின் ஸ்டப்ஸ் கணினியை ஆழ்ந்த அனுதாபத்துடன் பார்த்தார்.

"நாளைக்குச் செய்யப்போற வேலையையும் சேர்த்து ஆயிரத்து இருநூத்து நாப்பத்தாறு. நாலு மணி நேரம் குறையுதுங்க, மிஸஸ் ஆஸ்பர்ன்."

"எங்கடா போச்சு அந்த நாலு?"

"ஜனவரியில ரெண்டு நாள் பனி. பள்ளிக்கூடம் ரெண்டு ரெண்டு மணி நேரம் லேட்டாத் திறந்துச்சு."

"அடேய் மெர்வின், பனியில காரைத் தோண்டி எடுத்து ஆறு மணிக்கே வந்தேன்டா! அன்னிக்கு சில்லி பீன்ஸ் குழம்பும் சின்னமன் ரோலும் யார் செஞ்சது, உங்க அப்பனா?"

"ரோல் நானூத்தி இருபதும் பதிவுல இருக்கு. செஞ்சவங்கதான் இல்ல. பள்ளி திறக்காத நேரத்துல பள்ளிக்குள்ள யாரும் இருக்க முடியாதே."

"அப்போ ரோல் தானா வெந்துச்சா?"

"அது உணவுப் பிரிவைக் கேக்கணும். நான் விடுப்புப் பிரிவு."

"ஆறாங்கிளாஸ்ல பட்டாணியைக் கால்சட்டைப் பையில கடத்தினவன் நீ. அன்னிக்கே புடிச்சுக் குடுத்திருக்கணும்."

ஸ்டப்ஸின் காது சிவந்தது. டெல்பா பேரத்தில் இறங்கினாள்.

"சரி, மூணு வேணாம். ரெண்டு நாள். வெள்ளி மட்டும்? ரெண்டே மணி நேரம் குடு, ஓடிட்டு வந்துடறேன்."

"தகுதி இல்லாதவங்களுக்கு ரெண்டு மணி நேரமும் மூணு மாசமும் ஒண்ணுதாங்க. சொந்த விடுப்பையும் நீங்க காய்ச்சல்ல தீர்த்துட்டீங்க."

"இன்னிக்குக் கூடுதலா வேலை செய்யறேன்."

"கூடுதல் வேலைக்கு முப்பது நாள் முன்னாடி மனுப் போடணும்." ஸ்டப்ஸ் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. குழுக் கூட்டத்துல உக்காந்தா அந்த நேரம் வேலையாச் சேரும். விடுப்பை எளிமையாக்கும் குழு நாளைக்கு மூணு மணிக்குக் கூடுது. சமையலறைப் பிரதிநிதி இடம் எட்டு வருஷமாக் காலி."

"எவ்வளவு நேரம் நடக்கும்?"

"இருபது நிமிஷம்."

இருபது நிமிஷத்தை நான்கு மணி நேரமாக்குவது எப்படி? பத்துப் பேர் சூப்பை நூறு பேர் சூப்பாக்கத் தெரிந்தவளுக்கு இது ஒரு பெரிய காரியமா?

செவ்வாய் மூன்று மணிக்குக் குழு உறுப்பினர்கள் சீக்கிரம் கிளம்பும் நினைப்பில் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தார்கள். டெல்பா எழுந்து, "கையேட்டில தாய் தாய்னு வருதே, தாய்னா யாரு?" என்று கேட்டாள். உயிரியல் ஆசிரியர் தொப்பியைக் கழற்றினார். அதோடு ஐம்பது நிமிடம் போயிற்று.

பிறகு குழுவுக்கே சூடு பிடித்துவிட்டது. எதிர்பாராத நோய்களை முப்பது நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டுமெனத் தீர்மானமாயிற்று. பிரசவங்கள் ஜூன் மாதத்துக்கு மாற்றப்பட்டன. கால் முறிவு சனி, ஞாயிறுகளில் மட்டும் அனுமதிக்கப்பட்டது. போர்களைக் கோடை விடுமுறையில் நடத்துமாறு ராணுவத்தைப் பணிவன்புடன் கேட்டு ஒரு கடிதம் தயாரானது. எதிரித் தரப்புக்கும் ஒரு நகல் அனுப்புவதே முறை என்றார் நூலகர். கைதட்டினார்கள். டெல்பா கடிகாரத்தைப் பார்த்தபடி எல்லாவற்றுக்கும் கை தூக்கினாள்.

ஏழு அடித்தது.

"ஆயிரத்து இருநூத்தம்பது!" ஸ்டப்ஸ் மகிழ்ச்சியோடு அறிவித்தார். உடனே முகம் தொங்கியது. "ஆனா ஆறே முக்காலுக்கு வரம்பை ஆயிரத்து முந்நூறா உயர்த்திட்டோமே. முழு எண்ணா இருந்தா எளிமைன்னு."

"எந்த மடையன்டா அதை முன்மொழிஞ்சது?"

"உடற்பயிற்சி ஆசிரியர். வழிமொழிஞ்சது நீங்க."

புதன் போனது, வியாழன் போனது. வெள்ளி ஒன்பதரை மணிக்கு, சிக்கன் நகெட் அடுப்புக்குப் போக வேண்டிய நேரத்தில், டெல்பா ஏப்ரனோடு வெளியே நடந்தாள். யாரையும் கேட்கவில்லை.

படை மைதானத்தில் ட்ராயைக் கண்டுபிடித்து முதலில் முடிவெட்டு சரியில்லை என்று திட்டினாள். பிறகு கட்டிக்கொண்டாள். விடவில்லை. "அம்மா, மூச்சு முட்டுது," என்றான். "முட்டட்டும். ஒரு வருஷத்துக்குச் சேத்துப் புடிக்கிறேன்," என்றாள்.

பஸ் நகர்ந்த பிறகுதான் கொடிக்கம்பத்துக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தும் ஸ்டப்ஸைப் பார்த்தாள். அதே பஸ்ஸில் அவர் தங்கை போகிறாள்.

"நீ எத்தனை மணி நேரம்டா கம்மி?"

"புது வரம்புப்படி பதினேழு. ஆனா நான் இங்க இல்லைங்க. பதிவுப்படி ஆபீஸ்ல உக்காந்து, இங்க வந்தவங்க மேல நடவடிக்கை எடுத்துக்கிட்டிருக்கேன்."

சுற்றிப் பார்த்தாள். நூலகர், உயிரியல் ஆசிரியர், முழு எண் பிரியரான உடற்பயிற்சி ஆசிரியர், நான்கு பஸ் ஓட்டுநர்கள். பிள்ளையை, தம்பியை, மருமகனை அனுப்ப வந்து, ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி நின்றார்கள். பதிவுப்படி மைதானம் காலி. பதிவுப்படி நானூற்று இருபது குழந்தைகளும் அன்று சூடான நகெட் சாப்பிட்டார்கள். பதிவுக்கு வெளியே, பியூன் கொடுத்த கார்ன்ஃபிளேக்ஸ்.

திங்களன்று எல்லோருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஸ்டப்ஸ் தனக்குத் தானே ஒன்று எழுதி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டார்.

ஆகவே, கையேடு எழுதிய மகானே, இனிமேலாவது எழுந்து வாருங்கள். அந்த அத்தியாயத்தை அடித்துவிட்டு ஒரே ஒரு வரி எழுதுங்கள்: பிள்ளையை வழியனுப்புகிறவரிடம் மணிக்கணக்குக் கேட்கக் கூடாது. இந்த ஆகஸ்டில் பள்ளி திறப்பதற்குள் எழுதிவிடுங்கள். புதுக் கையேட்டை டோனட்டோடு நீட்டி, "படித்தேன், புரிந்துகொண்டேன்" என்ற பக்கத்தில் கையெழுத்துக் கேட்பார்களே, அன்று நாங்கள் வழக்கம்போல ஒரு வரியும் படிக்காமல் போட்டுவிடுகிறோம்.