சாக்ரடீஸுக்குப் புரைக்கேறிய கதை

எழுதியவனைத் தவிர வேறு யாரையும் சிரிக்க வைக்காத நாடகத்துக்குத்தான் நகைச்சுவை நாடகம் என்று பெயர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், திருச்சிக் கல்லூரி ஒன்றில் தத்துவம் படித்து முடித்த கையோடு, மேடையில் நின்றபடியே இதைக் கண்டுபிடித்தேன்.

கல்லூரி முதல்வர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். தத்துவத் துறையில் ட்யூட்டர் வேலை ஒன்று காலியாக இருந்தது. ஆண்டு விழாவில் கிரேக்க ஞானிகளை வைத்து நாடகம் போடு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். (ஸ்ரீரங்கத்தில் என் அப்பா, பிள்ளைக்கு வேலை ஆகிவிட்டதாக அன்று சாயந்திரமே உத்தர வீதி முழுக்கச் சொல்லிவிட்டார்.)

கதை என் அபாரக் கற்பனை. ஒலிம்பஸ் மலைக்குப் போகும் சாக்ரடீஸ், தேவர்களின் ராஜாவான ஜீயஸைக் கேள்வி கேட்டே துளைக்கிறார். பொறுக்க மாட்டாத ஜீயஸ் விஷக் கோப்பையை நீட்டுகிறார். சாக்ரடீஸ் நான். ஜீயஸ், பாலக்கரையிலிருந்து வரும் என் வகுப்புத் தோழன் காதர்.

என் ஹாஸ்ய வசனங்களைக் கேட்ட சபை, தெப்பக்குளத்துத் தண்ணீர் போல அசையாமல் இருந்தது. முன்வரிசையில் முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். சரி, மரணக் காட்சியில் அழவாவது வைப்போம் என்று கோப்பையை வாங்கினேன்.

ஒத்திகையில் எல்லாம் வெறும் கோப்பைதான். அன்று எந்தப் புண்ணியவானோ அதில் பானகம் நிரப்பியிருந்தான். எங்கள் வீட்டில் எச்சில் பண்ணிக் குடிக்கிற வழக்கம் கிடையாது. பிறந்தது முதல் பழகிய கை, சாக்ரடீஸைக் கேட்காமலே கோப்பையை ஒரு முழம் மேலே தூக்கிவிட்டது. ஏதென்ஸின் மகாஞானி அண்ணாந்து, உதட்டில் படாமல், மடக் மடக்கென்று விஷம் குடித்தார். சபை முதல் முறையாகச் சிரித்தது. அந்தச் சந்தோஷத்தில் எனக்குப் புரைக்கேறியது.

பஞ்சுத் தாடி நனைந்து கழன்று கோப்பைக்குள் விழுந்தது. சாக வேண்டியவன், சாக நேரமில்லாமல் இருமிக்கொண்டிருந்தேன். ஜீயஸ் சிம்மாசனத்தை விட்டு ஓடி வந்து என் உச்சந்தலையில் தட்டினான்.

"ஒண்ணுமில்லடா, யாரோ ஒன்னை நெனைக்கிறாங்க. மேல பாரு, மேல பாரு."

முதல்வர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார், காதரை. ஆபத்தில் நிதானம் இழக்காதவன்தான் வகுப்பறைக்குத் தேவை என்றாராம். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்? காதர் ட்யூட்டர் ஆனான். நான் ரயில்வே குமாஸ்தா ஆனேன்.

இன்றும் எனக்குப் புரைக்கேறினால் வீட்டில் யாரும் பதறுவதில்லை. என் மனைவி அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்.

"சீக்கிரம் இருமி முடிங்கோ. காதர் வந்து இந்த வேலையையும் தூக்கிண்டு போயிடப் போறார்."