டோனல் கெவனியின் உபரி இரும்பு

"கையில என்னடா அது, பஞ்சு?"

மாவட்ட ஆஸ்பத்திரி வாசலில் கான்செப்டா லவெல் இப்படிக் கேட்டபோதே டோனல் கெவனி சட்டைக் கையை இறக்கிவிட்டு, ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"ரத்தம் எடுத்தாங்க," என்றார்.

பொய்யில்லை. அரை லிட்டர் எடுத்திருந்தார்கள். டோனலுக்கு இருந்தது பரம்பரைக் கோளாறு. சாப்பாட்டில் உள்ள இரும்பை அவர் உடம்பு தேவைக்கு மேல் உறிஞ்சிக் கல்லீரலில் பதுக்கிவைக்கும். ரத்தத்தை எடுத்துவிட்டால், புது ரத்தம் செய்வதற்காக உடம்பு அந்தப் பதுக்கலில் கைவைக்கும். அதுதான் வைத்தியம். செவ்வாய்க்கிழமை தோறும் எடுத்தார்கள். எடுத்த ரத்தம் குப்பைக்குப் போனது.

"ரத்த தானமா!" கான்செப்டா அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். எழுபது வயதுக்காரி, பிடி இரும்பாக இருந்தது. "என் தங்கச்சி போன மாசம் பொழைச்சதே யாரோ கொடுத்த மூணு பை ரத்தத்துலதான். ஒரு பை உன்னோடதாக்கூட இருக்கும். ஆண்டவர் உன்னை நல்லா வைக்கட்டும்டா."

டோனல் பத்தொன்பது வருஷமாக கில்பிராக் கிராமத்தில் பள்ளி பஸ் ஓட்டுகிறார். இறங்கும்போது எல்லாப் பிள்ளைகளும் நன்றி சொல்லும்; இந்த நாட்டில் அது தும்மல் மாதிரி, தானாக வந்துவிடும். கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கி இதுவரை யாரும் சொன்னதில்லை. அது தானமில்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலை, கசாப்புக்கடை மேட்டி பிரீன் நடுத்தெருவில் நின்று பஸ்ஸை மறித்தான்.

"பிடி. ரெண்டு கிலோ ஆட்டு ஈரல். கூடவே பன்றி ரத்தத்துல செஞ்ச கருப்புப் புட்டிங், எட்டுத் துண்டு."

"எதுக்குப்பா இதெல்லாம்?"

"கொடுத்த ரத்தம் திரும்ப ஊற வேண்டாமா? நீ செய்யறதுக்கு நாங்க என்ன கைம்மாறு செய்யப்போறோம்? சாயங்காலம் வரேன், எப்படி இருந்துச்சுன்னு சொல்லு."

டோனலின் சமையலறை மேசையில் அந்தப் பொட்டலம் ஒரு கைக்குண்டைப் போல உட்கார்ந்திருந்தது. அவருக்கு விலக்கப்பட்டவற்றின் பட்டியலில் முதல் வரி ஈரல், இரண்டாவது வரி புட்டிங்.

"உண்மையைச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி நோரீன். "வியாதின்னு ஒரு வார்த்தை. முடிஞ்சுது."

"என்ன வியாதின்னு கேப்பாங்க. கல்லீரல்னு சொல்லணும். கல்லீரல்னா இந்த ஊர்ல என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

நோரீனுக்குத் தெரியும். டோனலின் அப்பா ஐம்பத்தைந்து வயதில் கல்லீரல் கெட்டுச் செத்தார். ஆயுளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. "ரகசியமாக் குடிச்சிருக்கான்" என்று சவ அடக்கத்தன்றே ஊர் முடிவு கட்டிவிட்டது.

மாலையில் மேட்டி வந்தான், போகாமல் நின்றான். டோனல் அவன் எதிரிலேயே மூன்று துண்டு தின்றார். செவ்வாய்க்கிழமை ஊசி வழியாக வெளியே போனது, புதன்கிழமை முள்கரண்டி வழியாக உள்ளே வந்தது.

அந்த மாதம் முழுக்க இதே கதை. கடைசியில் டோனலுக்கு ஒரு யோசனை உதித்தது. "மாமிசத்தை விட்டுட்டேன்," என்று அஞ்சல் நிலையத்தில் நான்கு பேர் காதில் விழும்படி சொன்னார்.

"மாமிசமும் திங்காம ரத்தமும் கொடுக்கறானா?" என்று கான்செப்டா பதறிப்போனாள். மறுநாளிலிருந்து காலை எட்டு பத்துக்கு பஸ் கதவருகே இரும்பு டானிக் பாட்டிலோடு நின்றாள்.

"வாயைத் திற."

"மிஸஸ் லவெல், பிள்ளைங்க பாக்கறாங்க..."

"பாக்கட்டும். திறடா."

ஒரு பெரிய கரண்டி டானிக். அதன் மேல் ஒரு டம்ளர் ஆரஞ்சுச் சாறு. "இதைக் குடிச்சா இரும்பு சீக்கிரமா உடம்புல சேருமாம்," என்று விளக்கம் வேறு. பிள்ளைகள் கை தட்டின.

தேநீர் இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும் என்று நர்ஸ் எப்போதோ சொன்னது டோனலுக்கு ஞாபகம் வந்தது. ஒரு பிளாஸ்க் நிறையக் கடுந்தேநீர் கொண்டுவந்தார். கரண்டி முடிந்ததும், வளைவு திரும்பிய கையோடு வண்டியை நிறுத்தி நான்கு கோப்பை குடித்தார். பலன், பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் பஸ் வேலியோரமாக இரண்டு முறை நின்றது.

"டிரைவர் மாமா எங்க போறாரு?" என்றது ஒரு குரல்.

"ரத்தம் கொடுக்க," என்றது இன்னொன்று.

இதற்கிடையில் அண்டை வீட்டுக் கரோல் ஒரு வார்ப்பிரும்புச் சட்டியைத் தூக்கிவந்து கொடுத்துவிட்டுப் போனாள். "இதுல சமைச்சா சாப்பாட்டுல இரும்பு இறங்கும். நீங்களே வச்சுக்குங்க. திருப்பித் தரவே வேண்டாம்." போகும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நல்ல மனசு என்று டோனல் நினைத்துக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, நர்ஸ் ஷீலா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். டோனலைப் பார்த்தாள். மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"எழுநூறுக்கு இறங்கி வந்திருந்தது உங்க இரும்பு அளவு. இன்னைக்கு தொள்ளாயிரத்து அறுபது. நான் இந்தப் பக்கம் வாளி வாளியா இறைக்கறேன், நீங்க அந்தப் பக்கம் குழாயைத் திறந்து விடறீங்களா?"

"கொஞ்சம்... விருந்து..."

"ஆயிரத்தைத் தாண்டினா கல்லீரல்ல ஊசி விட்டு ஒரு துண்டு எடுத்துப் பார்க்கணும்னு டாக்டர் எழுதியிருக்காரு. உங்க அப்பா வயசு வரைக்கும்தான் இருக்கப்போறீங்களா, இல்ல தாண்டிப் போகணுமா? யோசிச்சுக்குங்க."

திரும்பும் வழியெல்லாம் டோனல் யோசித்தார். ஊருக்குள் நுழைந்ததும் கான்செப்டாவிடம் நேரே போய், "தானத்தை நிறுத்திட்டேன், மிஸஸ் லவெல். போதும்னு ஆஸ்பத்திரியிலேயே சொல்லிட்டாங்க," என்றார்.

அவ்வளவுதான், தொல்லை விட்டது என்று நினைத்தார். கான்செப்டா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். உடம்பில் சொட்டு மிச்சமில்லாமல் கொடுத்து முடித்துவிட்டான் என்று அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதர் கோலம் பீடத்திலிருந்தே அறிவித்தார்: மண்டபத்தில் டோனல் கெவனிக்குப் பாராட்டு.

அறுபது பேர் வந்திருந்தார்கள். எல்லோர் தட்டிலும் பாலாடைக்கட்டி சாண்ட்விச், எல்லோர் கையிலும் தேநீர். நடு நாற்காலியில் இருந்தவருக்கு மட்டும் வெங்காயத்தோடு வதக்கிய ஈரல், புட்டிங், இரும்புச் சத்து என்று ஊர் நம்பும் கறுப்பு பியர் ஒரு பெரிய கிளாஸ்.

"இந்த ஊர்ல நாம யாரும் செய்ய முடியாததை இவன் செஞ்சிருக்கான்," என்று கான்செப்டா பேசினாள். "டோனல், நாங்க உனக்குக் கடமைப்பட்டிருக்கோம். சாப்பிடுப்பா."

அறுபது முகங்கள் அவரையே பார்த்தன. எல்லாவற்றிலும் அன்பு. டோனல் தட்டைப் பார்த்தார். நோரீனைப் பார்த்தார். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"நான் தானம் எதுவும் கொடுக்கல," என்றார். "எனக்கு இரும்பு வியாதி. கல்லீரல்ல சேருது. என் ரத்தத்தை எடுத்துக் குப்பையில கொட்டறாங்க. எங்க அப்பாவும் இதுலதான் செத்திருக்கணும், குடிச்சு இல்ல. இந்தத் தட்டுல இருக்கற ஒண்ணைக்கூட நான் தொடக்கூடாது. முதல் நாளே சொல்லியிருக்கணும். நீங்க நன்றி சொன்னது நல்லா இருந்துச்சு, அதான் சொல்லல. எனக்கு அப்படி யாரும் சொன்னதில்ல. என்னை மன்னிச்சிடுங்க. நன்றி நான்தான் உங்களுக்குச் சொல்லணும்."

உட்கார்ந்தார். திட்டுவார்கள் என்று காத்திருந்தார். யாரும் அவரைப் பார்க்கவே இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரோலுக்கு முகம் சிவந்துவிட்டது. ஃபாதர் கோலம் கூரையை ஆராய்ந்தார். கான்செப்டா மெல்ல நாற்காலியில் சரிந்தாள்.

கடைசியில் கசாப்புக்கடை மேட்டிதான் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னான்:

"அடப்பாவி, இந்த வியாதி இங்க இருக்கற எங்க எல்லாருக்கும் இருக்குடா, உன்னை மாதிரியே ஒருத்தரும் வெளிய சொல்லல, டாக்டர் எங்களுக்குத் திங்கக்கூடாதுன்னு சொன்னதையெல்லாம் திங்கறதுக்கு நல்ல ரத்தம் உள்ளவன் ஊர்ல ஒருத்தனாவது இருக்கானேன்னுதானே உனக்கு இந்த விழாவே எடுத்தோம்!"